சென்னை மாகாணத்து மயானங்களின் சட்ட வரலாற்றைத் தேடுவது எப்படி

ஊர் வரலாறு எழுதுகிறவரும் மயானப் பாதை வழக்குக்குப் பழைய ஆதாரம் தேடுகிறவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சுடுகாடு எப்போதிலிருந்து, யாருடைய அனுமதியில் இருக்கிறது? வெள்ளைக்காரர் காலத்துக் கோப்புகளில் இதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. நிலம் ரெவின்யூ இலாகாவின் கணக்கில் இருந்தது. பிணம் எரிக்கும் இடத்துக்கான அனுமதி நகரசபையிடமோ, கிராமப்புறத்தைக் கவனித்த ஸ்தல ஸ்தாபன போர்டிடமோ இருந்தது. இறப்பைக் கிராம முன்சீப் எழுதினார். சந்தேகச் சாவு போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் போனது. இந்த நாலு கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நகராட்சிச் சட்டங்கள் மயானங்களை மூன்று வகையாகப் பார்த்தன. சட்டம் வருமுன்பே வழக்கத்தில் இருந்து, பிறகு பதிவு செய்யப்பட்டவை முதல் வகை. தனியாரோ ஒரு சமூகத்தாரோ மனுப்போட்டு உரிமம் வாங்கிப் புதிதாகத் திறந்தவை இரண்டாவது. நகரசபையே தன் செலவில் ஏற்படுத்திக் கொடுத்தவை மூன்றாவது. யார் பராமரிப்பது, யார் கட்டணம் வாங்குவது, மூடும்போது மாற்று இடம் யார் தருவது என்ற எல்லாத் தகராறும் உங்கள் மயானம் இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தே திரும்பும். உங்கள் தேடலின் பாதி இதைக் கண்டுபிடிப்பதுதான்.

எந்தச் சட்டம், எந்த ஆண்டு

இடம் சென்னை நகரத்துக்குள்ளா, ஜில்லா நகராட்சிக்குள்ளா, கிராமமா என்று முதலில் பிரியுங்கள். இன்றைய எல்லையை வைத்துப் பிரிக்கக் கூடாது. நீங்கள் தேடும் ஆண்டில் எல்லை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்று மாநகராட்சிக்குள் இருக்கும் பல இடங்கள் அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்கள்.

சென்னை நகரத்துக்கு 1884, 1904, 1919 ஆண்டுகளின் நகராட்சிச் சட்டங்கள். மற்ற ஊர்களுக்கு 1865, 1871 ஆண்டுகளின் நகர அபிவிருத்திச் சட்டங்கள், அவற்றுக்குப் பின் 1884, 1920 ஆண்டுகளின் ஜில்லா நகராட்சிச் சட்டங்கள். கிராமப்புறத்துக்கு 1884, 1920 ஆண்டுகளின் ஸ்தல ஸ்தாபனச் சட்டங்கள். கிராமப் பஞ்சாயத்துகளுக்கென்று 1920இல் தனிச் சட்டம் வந்தது. 1930இல் அது ரத்தாகிப் பஞ்சாயத்துகள் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்துக்குள் வந்தன; 1950இல் அவற்றுக்கு மீண்டும் தனிச் சட்டம் வந்தது. 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் கையில் வைத்திருங்கள்.

சட்டப் புத்தகத்தை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: திருத்தங்கள் சேர்த்து அச்சிட்ட பிற்காலப் பதிப்பை வைத்து 1925ஆம் ஆண்டுக் கோப்பைப் படிக்காதீர்கள். அடியும் கஜமும் மீட்டராகியிருக்கும், கவுன்சில் இருந்த இடத்தில் கமிஷனர் இருப்பார். அந்தக் காலத்துப் பதிப்பையே தேடி எடுங்கள்.

நிலக் கணக்கு

செட்டில்மென்ட்டின்போது, அதாவது நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது, தயாரான ஏ பதிவேட்டில் தொடங்குங்கள். கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் அதில் வரிசையாக இருக்கும். மயானமாக இருந்தால் வகை என்ற இடத்தில் புறம்போக்கு என்றும், குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் சுடுகாடு, இடுகாடு, மயானம் என்றும் எழுதியிருப்பார்கள். செட்டில்மென்ட், ரீசெட்டில்மென்ட், யுடிஆர் ஆகிய மூன்று காலத்துப் பதிவேடுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யுடிஆர் என்பது 1979இல் தொடங்கி 1980களில் நடந்த பட்டா சீரமைப்பு. புறம்போக்கு பட்டாவானதும், பட்டா புறம்போக்கானதும், உட்பிரிவு எண் இடம் மாறியதும் அதில் நடந்திருக்கிறது. அதனால் யுடிஆர் பதிவை மட்டும் ஆதாரமாகக் காட்டுவது பலவீனமான வாதம்.

சர்வேக்கு முந்தைய கணக்குகளில் பைமாஷ் எண் இருக்கும். அதற்கும் சர்வே எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பதிவேடு கிடைக்காவிட்டால், நான்கு மால் (நாற்புற எல்லை) விவரத்தை வைத்துத்தான் பொருத்த முடியும்.

அடுத்தது புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் படம். இங்கேதான் அளவில் சறுக்குவார்கள். பழைய புலப்படத்தின் கோடுகளில் எழுதியிருக்கும் எண்கள் அடி அல்ல, லிங்க்ஸ். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. ஆகவே 300 என்று எழுதிய பக்கம் 198 அடிதான். அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் வந்து, இல்லாத ஆக்கிரமிப்பு இருப்பதாகத் தோன்றும். சரிபார்க்க எளிய வழி: 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். 250க்கு 200 லிங்க்ஸ் உள்ள நிலம் 50 சென்ட். ஏ பதிவேட்டில் உள்ள பரப்போடு இது கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். பழைய கிராம வரைபடம் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தது; அதாவது படத்தில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி. பாதையைக் கண்டுபிடிக்கப் புலப்படத்தைவிட இந்த வரைபடமே உதவும், ஏனென்றால் பாதை பல சர்வே எண்களைக் கடந்து போகும். வரைபடப் பிரதிகளுக்குச் சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏ பதிவேட்டில் மயானமே இல்லை என்றால் உடனே "அப்போது சுடுகாடு இல்லை" என்று எழுதிவிட வேண்டாம். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் எரித்த ஊர்களில் அந்த இடம் ஆற்றுப் புறம்போக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும், தனி எண் கிடையாது. ஜமீன் கிராமங்களில் சிக்கல் வேறு. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் ஊராரின் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலத்தை ரயத்து நிலத்திலிருந்து, அதாவது குடியானவரின் சாகுபடி நிலத்திலிருந்து, பிரித்து வைத்தது. மயானம் அந்தப் பொது உபயோக வகையில் வரும். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் நடந்த செட்டில்மென்ட்டில்தான் பல இடங்கள் முதல்முறையாக அரசுக் கணக்கில் மயானப் புறம்போக்கு என்று ஏறின. பதிவு புதியது என்பதால் மயானமும் புதியது என்று ஆகிவிடாது.

வெட்டியான் மானியம் இருந்த ஊர்களில் இனாம் பதிவேட்டையும் பாருங்கள். இனாம் கமிஷன் 1860களில் ஊர் ஊராகப் போய் எழுதிய கணக்கு அது. ஊழிய மானியம் எவ்வளவு, எந்த வேலைக்கு என்று அதில் இருக்கும். ஆனால் சென்னை மாகாணக் கணக்குகளில் வெட்டி என்ற கிராமப் பணியாளுக்கு மயான வேலை மட்டும்தான் என்று இல்லை. நீர் பாய்ச்சுவது, தண்டோரா, கச்சேரிக்கு ஓடுவது என்று பலதும் உண்டு. மானியம் இருப்பதை மட்டும் வைத்து மயானத்தின் இடத்தையோ வயதையோ நிறுவ முடியாது.

உரிமக் கணக்கு

நகராட்சி ஊராக இருந்தால் நகரசபை அலுவலகத்தில் ஒரு புத்தகம் இருந்திருக்க வேண்டும். பதிவான, உரிமம் பெற்ற, நகரசபை ஏற்படுத்திய மயானங்கள் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும், வரைபடங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும், மயான வாசலில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. உரிம மனுவோடு இடம், எல்லை, பரப்பு காட்டும் வரைபடமும், சொந்தக்காரர் அல்லது சம்பந்தப்பட்ட சமூகத்தின் பெயரும், நிர்வாக முறையும் தர வேண்டும். இந்த மனு கிடைத்துவிட்டால் பெரும் அதிர்ஷ்டம். ஒரே தாளில் நாலு கேள்விக்கு விடை.

உரிமையாளர் என்று யாரும் இல்லாத பழைய மயானத்தை நகரசபையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பதிவு செய்யலாம், அல்லது மூடலாம். ஆற்றங்கரை மயானங்கள் பல இந்த வழியில்தான் பதிவேட்டுக்குள் வந்திருக்கும். "நகரசபை மயானம்" என்று அதில் எழுதியிருப்பதை வைத்து நகரசபை உண்டாக்கிய மயானம் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு முந்தைய வழக்கம் முழுவதையும் துடைத்துவிடுவீர்கள்.

நகரசபை ஏற்படுத்திய இடம் அரசின் ஒப்புதலோடு நகர எல்லைக்கு வெளியிலும் இருக்கலாம். அப்போது நிலக் கணக்கு பக்கத்துக் கிராமத்து ஏ பதிவேட்டில் கிடக்கும். தனியார் நிலத்தைக் கையகப்படுத்தியிருந்தால் 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 4ஆம் பிரிவு அறிவிக்கையும் 6ஆம் பிரிவு பிரகடனமும் அரசிதழில் வந்திருக்கும். 11ஆம் பிரிவுத் தீர்வில் பழைய சொந்தக்காரர் பெயரும் நஷ்டஈடும் இருக்கும்.

அரசு மட்டத்துக் கோப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். 1909இல் இந்தக் கட்டடம் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. ஆய்வு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உள்ளே போனதும் நேராகக் கோப்பைக் கேட்காதீர்கள்; அந்தந்த ஆண்டின் பொருளடக்கத் தொகுதியைக் கேளுங்கள். 1920க்கு முன் லோக்கல் அண்ட் முனிசிபல் இலாகா, 1921க்குப் பின் லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட் இலாகா. அதில் பரியல் அண்ட் பர்னிங் கிரவுண்ட்ஸ் என்ற தலைப்பைப் பாருங்கள், பிறகு உங்கள் நகராட்சியின் பெயரிலும் பாருங்கள். செமட்ரி என்ற தலைப்பில் தேடினால் பெரும்பாலும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களே வரும். அவற்றின் பழைய கோப்புகள் எக்ளீசியாஸ்டிகல் (திருச்சபை விவகார) இலாகாவில் தனியாக இருக்கின்றன. ஊர்ப் பெயரின் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டு முக்கியம். திருச்சிராப்பள்ளியும் தூத்துக்குடியும் அன்று எப்படி எழுதப்பட்டன என்று தெரியாமல் பொருளடக்கத்தைப் புரட்டினால் நாள் வீணாகும்.

அரசாணை எண்ணோடு வரும் எழுத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எம், எல், பி.எச். என்று வரும் எழுத்துகள் நகராட்சி, ஸ்தல ஸ்தாபனம், பொதுச் சுகாதாரம் என்ற கிளைகளைக் குறிப்பவை. எண்ணும் தேதியும் மட்டும் எழுதிவந்தால் அடுத்தமுறை வேறு கோப்பு வந்து நிற்கும். கலெக்டர் அலுவலகக் கோப்புகளில் ஆர்.டிஸ். என்று முடிந்தவை நிரந்தரமாக வைக்க வேண்டியவை, டி.டிஸ். 10 ஆண்டில் அழிப்பவை, எல்.டிஸ். ஓராண்டில். பழைய கடிதத்தின் மேற்கோளில் இருக்கும் எழுத்தைப் பார்த்தாலே அந்தக் கோப்பைத் தேடிப் பயனுண்டா என்று தெரிந்துவிடும்.

மயானம் மூடும் கோப்புகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். நடைமுறை இதுதான்: சுகாதார அதிகாரி, இந்த இடம் சுற்றுப்புறத்தாரின் உடல்நலத்துக்கு ஆபத்து அல்லது இடம் நிரம்பிவிட்டது என்று சான்று தருவார், கவுன்சில் அரசின் ஒப்புதலோடு அறிவிப்பு வெளியிடும். சான்றிதழின் வாசகம் எல்லாக் கோப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் யார் மனுக் கொடுத்தார்கள், பக்கத்தில் என்ன புதிதாக வந்தது என்று பாருங்கள்: ரயில் பாதையா, பங்களாக்களா, ஆலையா. எதிர் மனுக்கள் பின்னிணைப்பாகத் தைத்திருக்கும். தமிழில் எழுதிய மூல மனு போய், ஆங்கிலச் சுருக்கம் மட்டும் மிஞ்சியிருப்பது வழக்கம். கல்கத்தாவில் 1864இல் கங்கைக் கரைச் சுடுகாடுகளை அகற்ற முயன்றபோது வங்காளத் தலைவர் ராம்கோபால் கோஷ் எதிர்த்துப் பேசி அதைத் தடுத்தார். அந்த விவாதத்தில் வந்த சுகாதாரம், புகை, கண்ணுக்கு உறுத்தல் என்ற சொற்கள் சென்னைக் கோப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும்.

சிதையருகே இருந்த விதிகள்

வழக்குப் பதிவிலோ நகரசபை அபராதக் கணக்கிலோ ஒரு வரி வந்தால் புரிந்துகொள்ள இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும். மயானத்துக்குக் கொண்டுவந்த பிணத்தை 6 மணி நேரத்துக்குள் எரிக்கவோ புதைக்கவோ தொடங்க வேண்டும். எரித்தால் முழுவதும் சாம்பலாக வேண்டும்; பாதி எரிந்த உடலை விட்டுப்போவது குற்றம். பாடையும் போர்த்திய துணியும்கூட எரிந்து சாம்பலாக வேண்டும், எடுத்துப்போகக் கூடாது. பிணத்தைச் சரியாக மூடாமல் தெருவில் கொண்டுபோகக் கூடாது. வழியில் எந்தக் காரணத்துக்காகவும் தெருவில் இறக்கி வைக்கக் கூடாது. புதைத்தால் 5 அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும்.

இந்த விதிகள் எங்கே உரசின என்று பார்த்தால் கோப்புகள் சுவையாகும். வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றுவது பல சமூகங்களின் சடங்கு. கோடித் துணி மயானத் தொழிலாளியின் உரிமைப் பங்கு. சட்டம் இரண்டையும் சுகாதாரக் குற்றமாக்கியது. விறகு வாங்க முடியாத ஏழை பாதி எரித்துவிட்டுப் போனாலும் அதே பிரிவுதான். நகரங்களில் குழி வெட்டுகிறவரும் மயானப் பணியாளரும் உரிமம் வாங்க வேண்டும் என்றும் விதி வந்தது. கிராமத்தில் பரம்பரை ஊழியமாக இருந்த வேலை நகர எல்லைக்குள் வந்தவுடன் உரிமத் தொழிலானது இப்படித்தான்.

சதி, அதாவது உடன்கட்டை ஏறுதல், இந்தக் கணக்கிலேயே வராது. அது 1830ஆம் ஆண்டின் சென்னை முதலாவது ரெகுலேஷனால் தடையானது. கோப்புகளை ஜுடிஷியல் இலாகாவில் தேடுங்கள்.

இறப்பும் பிரேதமும்

1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டப்படி கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். இறப்புப் பதிவேட்டில் காலரா, பெரியம்மை, ஜுரம் என்று காரணம் இருக்கும், எரித்த இடம் பொதுவாக இருக்காது. ஆகவே இறப்புப் பதிவேட்டை மட்டும் வைத்து ஒரு மயானம் உபயோகத்தில் இருந்தது என்று காட்ட முடியாது. நகரத்தில் மயானப் பொறுப்பாளர் சுகாதார அதிகாரிக்குத் தனியாகத் தகவல் தர வேண்டும். அந்த அறிக்கையே உபயோகத்துக்கு நேரடிச் சான்று. இரண்டையும் ஒப்பிட்டால் வீட்டார் சொல்லாமல் விட்ட சாவுகள் தெரியவரும், அன்றைய அதிகாரிகளும் அதற்காகவே ஒப்பிட்டார்கள். கொள்ளைநோய்க் காலமாக இருந்தால் 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ் வந்த தனி விதிகளையும் பாருங்கள்.

திடீர்ச் சாவு, சந்தேகச் சாவு என்றால் 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி கிராம முன்சீப் தகவல் தர வேண்டும், 174ஆம் பிரிவுப்படி பிரேத விசாரணை. புதைத்த உடலை 176ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் தோண்டி எடுத்துப் பார்க்கலாம். எரித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அவசரமாக எரித்த கோப்புகளில் தண்டனைச் சட்டத்தின் 201ஆம் பிரிவு, அதாவது சாட்சியத்தை மறைத்தல், அடிக்கடி தலைகாட்டும்.

தகராறுகள்

பாதைத் தகராறில் அதே 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் இரண்டு வழியில் உத்தரவு போட்டிருக்கலாம். 144ஆம் பிரிவுத் தடையுத்தரவு சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. அதை உரிமைத் தீர்ப்பாகக் காட்டுவது வீண். 147ஆம் பிரிவு நிலத்தை உபயோகிக்கும் உரிமை பற்றியது. அதில் சாட்சிகளின் வாக்குமூலம் இருக்கும், அதுவே உங்களுக்குத் தேவை. சிவில் வழக்கில் ஊரார் சார்பில் சிலர் வழக்காடியிருந்தால் 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் ஆர்டர் 8ஆம் விதியின் கீழ் வந்திருக்கும். தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்துமா என்பதற்கு அந்த அனுமதி உத்தரவு வேண்டும். சர்வே எல்லையில் குறை என்றால் 1923ஆம் ஆண்டு சர்வே எல்லைச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டார்களா என்று பாருங்கள்.

ஏ பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் சாதிப் பெயரோடு சுடுகாடு எழுதியிருப்பதை நிறையக் காணலாம். அன்றைய கணக்கன் கண்டதையோ ஊர் பெரியதனக்காரர் சொன்னதையோ எழுதினான். நிலம் புறம்போக்கு, அந்தக் குறிப்பு ஒரு சாதிக்குச் சொத்துரிமை கொடுத்ததாகவோ, மற்றவர்களை விலக்கியதாகவோ ஆகாது. நகலில் அதை அப்படியே எடுத்தெழுதுங்கள், விளக்கத்தில் மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 4ஆம் பிரிவு மயானத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்த பிறகு, பழைய குறிப்பைக் காட்டி யாரையும் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

நகல் வாங்குவது

சான்றிட்ட நகலே வாங்குங்கள். தாலுகா அலுவலகத்தில் இல்லை என்றால் கலெக்டர் அலுவலக ஆவண அறை; அங்கும் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போடுங்கள். ஆவணத்தை மட்டும் கேட்டால் "இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அது எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழிக்கப்பட்டது என்று அழிப்புப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

இவ்வளவும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்க் கணக்கில் வரும், பழைய கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுச் சட்டம். அங்கே இறப்புப் பதிவே எத்தா சிவில் என்ற குடிமைப் பதிவேட்டில், வேறு வடிவத்தில் இருக்கும். காரைக்காலுக்கு அடுத்த கிராமம் தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எரித்திருந்தால், இரண்டு ஆட்சிகளின் கணக்கையும் எடுத்தே ஆக வேண்டும்.